பாத்திப் பக்கம் இழுக்கும் மிஷின்

என் கணவர் இருபத்தாறு வசந்தங்களில் என் பூக்களை வெட்டினார். மற்றபடி நல்ல மனிதர்.

வீட்டைச் சுற்றி முக்கால் ஏக்கர் புல். பதினொரு பழமரங்கள். குளிர் விட்டதும் எல்லாம் ஒரே மூச்சில் பூக்கும். புல்லும் அப்போதுதான் வெறிபிடித்ததுபோல் வளரும். தெற்கு ஓரத்தில், நான் கிழங்கு ஊன்றி வளர்த்த மஞ்சள் பூப் பாத்தி. அவர் புல் வெட்டி முடித்தால் பாத்தியின் விளிம்பில் ஏழெட்டுப் பூக்கள் தலை இல்லாமல் நிற்கும்.

"வேணும்னே பண்றீங்களா?" என்பேன்.

"கவனிக்கல" என்பார்.

வருடம் தவறாமல் இதே கேள்வி, இதே பதில். போன குளிர்காலத்தில் அவர் இறந்துவிட்டார். பதில் சொல்ல ஆள் இல்லை, கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. வேண்டுமென்றேதான் செய்தாரா? அப்படியானால் என்மேல் என்ன கோபம்? படுத்தாலும் எழுந்தாலும் இதே யோசனை.

புல் முழங்காலைத் தொட்டபோது நாத்தனார் வந்தாள்.

"அண்ணி, ஒரு ஆளக் கூப்பிடுங்க. பாம்பு வந்து குடித்தனம் பண்ணப்போகுது."

"நானே வெட்டிக்கிறேன்."

"நீங்களா? மிக்ஸி போடவே அண்ணனக் கூப்பிடுவீங்க."

"அது சத்தம் போடும்."

"புல்லு வெட்டுற மிஷின் என்ன, தாலாட்டுப் பாடுமா?"

கயிற்றை ஆறு முறை இழுத்தபின் மிஷின் உறுமியது. முதல் வரி வெட்டித் திரும்பிப் பார்த்தேன். பச்சைப் பாய் விரித்த மாதிரி இருந்தது. அடுத்த வரி அதை ஒட்டிப் போனது. அறுபட்ட புல்லின் வாசனை மூக்கில் ஏறியது. மரங்கள் வெள்ளை இதழ்களை என் தலையில் கொட்டின. மிஷின் போட்ட சத்தத்தில் யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல முடியவில்லை, மூன்று மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் ஆறுதல் அதுதான். இவ்வளவு சுகமான வேலையை ஒருநாள்கூட எனக்குக் கொடுக்காமல் தனக்கே வைத்துக்கொண்டாரே என்று புதிதாக ஒரு கோபமும் வந்தது.

பாத்தியோரம் வந்தேன். நேராகத்தான் போனேன். ஒன்பது பூக்கள் போய்விட்டன.

நாத்தனார் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "வேணும்னே பண்றீங்களா அண்ணி?"

"மிஷின்ல கோளாறு."

அவள் காரிலேயே மிஷினை ஏற்றி மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் அதைக் கவிழ்த்தார், நிமிர்த்தினார், பட்டறைத் தரையில் ஓட்டிக் காட்டினார்.

"கம்பி மாதிரி நேராப் போகுதும்மா."

"பாத்திப் பக்கம் இழுக்குதே?"

"இழுக்கத்தான் செய்யும். சாரும் வருஷா வருஷம் இதயே சொல்லித்தான் இறக்குவாரு. சக்கரத்த மாத்தினோம், அச்ச மாத்தினோம், கத்தியக்கூட மாத்தினோம். கடைசியா நானே வந்து ரசமட்டம் வெச்சுப் பாத்தேன். நீங்க அன்னிக்கு வீட்ல இல்ல. தோட்டம் தெக்குப் பக்கம் சரிவும்மா. கண்ணுக்குத் தெரியாது, மிஷினுக்குத் தெரியும்."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லாம? பாத்தியப் பேத்து மேட்டுப் பக்கம் வைங்க சார்னேன். அது அவ ஆசையாப் பாத்து வெச்ச எடம், அவகிட்ட அதச் சொல்ல முடியாது, நீ இன்னொரு தடவ சக்கரத்தப் பாருன்னாரு. எத்தன தடவதான் பாக்குறது?"

நாத்தனார் சுவரில் தொங்கிய ஸ்பானர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "எங்க அண்ணனுக்கு வாய்னு ஒண்ணு எதுக்கு இருந்துச்சுன்னே தெரியல" என்றாள்.

வீட்டுக்கு வந்து மீதிப் புல்லை வெட்டினேன். பாத்தியோரம் வந்ததும் கைப்பிடியை மேட்டுப் பக்கமாக இழுத்துப் பிடித்தேன். முழு பலத்தோடு பிடித்தும் நான்கு பூக்கள் போயின. வலது தோள் கழன்று விழுந்துவிடும் போல வலித்தது.

ஒவ்வொரு வசந்தத்திலும் இரண்டு நாள் அவருக்கு அதே தோள் வலிக்கும். குளிர்காலம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தால் இப்படித்தான் என்று திட்டிக்கொண்டே நான் தைலம் தேய்த்துவிடுவேன்.