சூ பேஸ்ட்ரியும் செட்டிகுளத்து விபூதியும்

பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கேசரியும் பஜ்ஜியும் போதாதாம். எனக்கு அதில் வருத்தமில்லை. வந்தவன் போனவனுக்கெல்லாம் கேசரி கிண்டித் தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். ஆனால் அதற்குப் பதிலாக எங்கள் அப்பா தேர்ந்தெடுத்த பலகாரம் சூ பேஸ்ட்ரி. பெரம்பலூரில் உரக்கடை வைத்திருக்கும் வெள்ளைச்சாமிக்கு அந்தப் பெயரே முந்தின நாள் சாயங்காலம்தான் தெரியும்.

புரோக்கர் செல்லதுரை போனில் சொன்னாராம். மாப்பிள்ளை திருமுருகன், திருமானூர்க்காரர், சிங்கப்பூரில் பெரிய ஓட்டலில் பேஸ்ட்ரி மாஸ்டர், தினமும் சூ பேஸ்ட்ரி போடுகிற கை. அவர் போடுவதையே நம் பெண்ணும் போட்டு அசத்திவிட வேண்டும் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். முடிவு கட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. சமையலறைக்குள் வந்து ஒரு டம்ளர் தண்ணீர் மோந்து குடித்ததில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் ஆசை இருந்தது. பேஸ்ட்ரி மேல் இல்லை, மாப்பிள்ளை மேல். போட்டோவில் சுமார்தான். ஆனால் அடுப்படியில் நின்று மாவு கிளறும் ஆம்பளை! எங்கள் சொந்தத்தில் அப்படி ஒரு பிறவியை நான் பார்த்ததே இல்லை. அந்த ஒன்றுக்காகவே சரி சொல்லிவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லியும்விட்டேன்.

செய்முறை ஒரு வாரப் பத்திரிகையின் இலவச இணைப்பில் கிடைத்தது. கலர் படத்தில் அது உப்பலாக, பொன்னிறமாக, இரண்டாக வெட்டினால் உள்ளே வெறும் கூடாக இருந்தது. அந்தக் கூட்டுக்குள்தான் கிரீம் வைக்க வேண்டுமாம். தண்ணீரில் வெண்ணெயைப் போட்டுக் கொதிக்கவிட்டு, மைதாவைக் கொட்டிக் கிளறினேன். கொழுக்கட்டை மாவு மாதிரி திரண்டு வந்தது. ஆறவிட்டு முட்டைகளை ஒவ்வொன்றாக அடித்துச் சேர்த்தால் மாவு வழுக்கிக்கொண்டு ஓடியது. மாவு கெட்டுப்போச்சே என்று அழாத குறைதான். கை ஓயும்வரை அடித்த பிறகே ஒன்றாகச் சேர்ந்தது. பால் கவரின் மூலையை வெட்டி, தட்டில் குட்டிக் குட்டியாகப் பிழிந்தேன்.

ஓவன் அடுப்புக்கு எங்கே போவது? குண்டானில் ஆற்று மணலைக் கொட்டிச் சூடாக்கி, தட்டை உள்ளே இறக்கி மூடினேன். கடைசியில் மிஞ்சிய மாவில் ஒன்றே ஒன்று பிழிந்து, குக்கரிலும் மணலைக் கொட்டி அதைத் தனியாக வைத்தேன். பாதியில் மூடியைத் திறந்தால் அமுங்கிவிடும் என்று பத்திரிகைக்காரன் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். திறக்காதே என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் புடவை கட்டப் போனேன்.

என் அம்மா ராசாத்தி திறந்தாள். வேவு பார்க்க அல்ல, காரியம் கைகூடவேண்டுமே என்று செட்டிகுளத்து முருகன் கோயில் விபூதியை ஒரு சிட்டிகை தூவத்தான். இந்த வீட்டில் நல்ல காரியத்துக்குச் செய்யும் பலகாரம் எதுவும் விபூதி படாமல் வெந்ததில்லை. நான் வந்து பார்க்கும்போது எல்லாம் வரட்டி மாதிரி படுத்துக் கிடந்தன. முட்டை போட்ட மாவில் விபூதி தூவலாமா என்பதை முருகனும் அம்மாவும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. குக்கரில் இருந்த ஒன்று மட்டும், அம்மா கண்ணில் படாததால், படத்தில் பார்த்தபடியே உப்பியிருந்தது.

அதற்குள் வாசலில் கார் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல், படுத்துக் கிடந்தவற்றின் தலையில் கிரீமை வைத்துத் தட்டை நீட்டினேன். மாப்பிள்ளை ஒன்றை எடுத்துக் கடித்தார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"கரெக்ட்டா வந்துருக்குங்க. எங்க ஓட்டல்லயும் இப்படித்தான், தட்டையா, அழுத்தமா போடுவேன்."

அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நானும் ஒரு நிமிடம் உருகித்தான் போனேன். என் மானத்தைக் காப்பாற்றப் பொய் சொல்கிறார், என்ன தங்கமான மனசு! பிறகுதான் உறுத்தியது. உள்ளே போய்க் குக்கரில் இருந்ததைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"இது ஒண்ணு மட்டும் இப்படி வந்துருச்சுங்க. பாத்துச் சொல்லுங்க."

அவர் விரலால் அழுத்தினார். மேல்தோல் நொறுங்கி, உள்ளே வெறும் கூடு தெரிந்தது. டாக்டர் மாதிரி தலையை ஆட்டினார்.

"காத்து பூந்துருச்சு. உள்ள ஒண்ணுமே இல்ல பாருங்க. இப்படி வந்தா நாங்க குப்பையில போட்டுருவோம்."

அடப்பாவி. இந்த மனுஷன் சிங்கப்பூரில் என்ன வேலை வேண்டுமானாலும் செய்யட்டும், எல்லாம் கௌரவமான வேலைதான். அடுப்படிப் பக்கம் மட்டும் போனதில்லை. மனசு விட்டுப்போனது.

அப்பா சமையலறை வாசல்வரை வந்தார், சம்பிரதாயத்துக்கு என்னைக் கேட்க. "என்ன பாப்பா, பிடிச்சிருக்குல்ல?" என்று பதிலையும் சேர்த்தே கேட்டார்.

"வேணாம்ப்பா. அவருக்கு அடுப்படியே தெரியாது."

"எனக்குந்தான் தெரியாது. உங்கம்மா வாழலயா?"

அம்மா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்து அவள் பேசியதை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"நீங்க தெரியும்னு பொய் சொல்லிக்கிட்டு வரலைங்க. அவங்கள அனுப்பி வையுங்க."

அப்பா கூடத்துக்குப் போய், கலந்து பேசிச் சொல்லி அனுப்புகிறோம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். கார் கிளம்பிய சத்தம் கேட்டதும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் மூடியத் தொறந்ததுனாலதானடி எல்லாம் கெட்டுச்சு?"

"நீ தொறக்கலன்னா எல்லாமே உப்பியிருக்கும்மா. அந்தாளு பிரமாதம்னு சொல்லித் தின்னுருப்பாரு. நானும் நம்பிக் கழுத்த நீட்டிருப்பேன்."

அம்மா யோசித்துப் பார்த்தாள். பிறகு விபூதிப் பொட்டலத்தை எடுத்து மடித்து, அடுத்தவன் வரும்போது வேண்டியிருக்கும் என்று உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.