டூகல் சுழன்று பார்த்து எடுத்த கில்ட்

போட்டியில் இரும்புக் குண்டு எறியக் கட்ட, ஸ்காட்லாந்து ஆண்கள் அணியும் மடிப்புப் பாவாடையான கில்ட் ஒன்று, கடைக்கண்ணிக்குப் போக ஒரு கில்ட் என்று வாங்க டூகலுக்கு வக்கில்லை. இரண்டுக்கும் சேர்த்து உழைக்கிறதாக, கையைக் கடிக்காததாக ஒன்று வேண்டுமென்று மனைவி இஷ்பெலுடன் இன்வர்னஸ் நகரத் துணிக்கடைக்கு வந்தான். கடைக்கார அம்மா அவன் குலத்துக்கே உரிய பச்சைக் கட்டம் போட்டதிலேயே கம்பளி, கலப்புத்துணி, மெல்லிசு என்று எடுத்துப் போட்டாள்.

"எறியறவன் சுழலுவான். சுத்திப் பாத்துதான் எடுக்கணும்," என்றான் டூகல்.

திரைக்குப் பின்னால் போய் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு வந்து கடை நடுவே சுழன்றான். ஒன்று குடையாக விரிந்தது. ஒன்று காலைத் தடுக்கியது. கழற்றியவையெல்லாம் உள்ளே நாற்காலியில் குவிந்தன. தலை கிறுகிறுத்து, எது எதுவென்றே புரியவில்லை.

"இத முன்னாடியே போட்டேனா?"

"எனக்கும் குழம்பிடுச்சு தம்பி," என்றாள் கடைக்கார அம்மா.

இன்னொன்றை உருவிக் கட்டிக்கொண்டு வந்தான். அவன் சுழல மடிப்புகள் விரிந்தன, நிற்க அடங்கின.

"இதுதான். என்ன விலை?"

கடைக்கார அம்மா விலைச்சீட்டைத் தேடினாள். இஷ்பெல் அவன் பின்பக்க மடிப்பைப் பிரித்துப் பார்த்தாள்.

"சீட்டெல்லாம் இருக்காது. இந்த ஒட்டு நான் போட்டது. இந்தக் கந்தல இனிமே கட்டமாட்டேன்னுதானே என்னை இங்க இழுத்துட்டு வந்தே?"