பூதத்தின் முதுகு

நகக்கண்ணில் இருந்த மை மட்டும் போகவேயில்லை. மகள் அம்மாவின் ஆள்காட்டி விரலை ஈரத்துணியால் மறுபடி தேய்த்தாள்.

"விடுடி, அது போகாது. அவகூடவே இருக்கட்டும்" என்றாள் அத்தை, அப்பாவின் அக்கா. சொல்லிவிட்டு உள் அறைப் பக்கம் கண்ணைக் காட்டினாள். "உங்கப்பனை என்னன்னு கேட்டியா? பொண்டாட்டி இங்க கெடக்கா, அவன் உக்காந்து படம் போட்டுட்டு இருக்கான்."

அத்தைக்குக் குரலைத் தணித்துப் பழக்கமில்லை. நாற்காலிகளில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. அம்மாவை எடுத்துப்போக வண்டி வரும் நேரம். விடிந்ததிலிருந்து அப்பா ஒரு தடவைகூட வந்து பக்கத்தில் உட்காரவில்லை. என்ன மனுஷன்! மகள் துணியைப் போட்டுவிட்டு எழுந்து உள் அறைக்குப் போனாள்.

அப்பாவின் மேஜையில் பூதம் இருந்தது. மூன்று கொம்பு, கரடி உடம்பு, முதலை வால். மாயக்கதைப் புத்தகத்துக்கான கடைசிப் படம். இந்த வீட்டுப் பூதங்களுக்கு எப்போதும் இரண்டு கை வேண்டும். பிரஷ்ஷால் கனத்த உடம்பும் நிழலும் அம்மா போடுவாள். பேனாவால் முடி, செதில், பல்லெல்லாம் அப்பா. "அவ கையில பிரஷ்ஷைக் குடுத்தா பட்டப்பகலே இருட்டாயிடும்" என்பார் அவர். "நீங்க பேனாவை எடுத்தா என் பூதத்துக்குப் பேன்சீப்பு வாங்கணும்" என்பாள் அவள்.

"எல்லாரும் என்ன பேசறாங்க தெரியுமாப்பா? இதை நாளைக்குப் போட்டா ஆகாதா?"

"இங்க பாரு" என்று நிப்பு முனையால் பூதத்தின் முதுகைக் காட்டினார்.

அவள் குனிந்தாள். கொம்பிலிருந்து வால் வரை அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் போடும் கோடு. இந்தத் தடவை அது நடுங்கியிருந்தது. பிரஷ் துள்ளித் துள்ளி ஓரமெல்லாம் பிசிறு. அப்பா ஒவ்வொரு பிசிறையும் பேனாவால் வெளியே இழுத்து முடியாக்கிக்கொண்டிருந்தார். இடுப்பு வரை நடுக்கம் போன இடம் தெரியவில்லை. வால் பக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

"போன வாரம் போட்டா. போட்டுட்டு அழுதா" என்றார். "'கை நடுங்கினது யாருக்கும் தெரியக்கூடாது, நான் இந்த வீட்டை விட்டுப் போறதுக்குள்ள முடியாக்கிடுங்க'ன்னா. சரின்னுட்டேன்."

"வால்கிட்ட மட்டும் விட்டுடுங்கப்பா. அம்மா கைதானே அது. எனக்கு வேணும்."

பேனா நின்றது. அந்தப் பிசிறுகளுக்கு மேல், தாளில் படாமல், விரலை ஒருமுறை கொண்டுபோனார்.

"எனக்கும்தான் வேணும்" என்றார். பிறகு நிப்பை மையில் தோய்த்தார்.

அவள் தாள் நகராதபடி மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

கடைசி முடியை இழுத்து முடித்தபோது அத்தை வந்து நின்றாள். "ஏண்டா, உனக்கென்ன கல்நெஞ்சாடா..." என்று ஆரம்பித்தவள் படத்தைப் பார்த்ததும் பின்வாங்கினாள். "அய்யய்யோ! என்னடா இது, உடம்பெல்லாம் சிலுத்துக்கிட்டு நிக்குது?"

"முதுகைப் பாருக்கா. நல்லா உத்துப் பாரு. எப்படி இருக்கு?"

"முதுகுக்கு என்ன கேடு? முள்ளம்பன்றி மாதிரி இருக்கு. இப்பவே பாஞ்சு கடிச்சிரும் போல. எனக்குப் பயமா இருக்குடா, அந்தப் பக்கம் திருப்பு."

அப்பா சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே உடைந்துபோனது. அத்தை அவர் தோளைப் பிடித்தாள்.

வாசலில் வண்டி நின்றது. "எடுக்கலாமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"கொஞ்சம் பொறுங்க" என்றார் அப்பா. "மை ஈரமா இருக்கு."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. வழிவிட்டார்கள். அவர் தாளை இரண்டு கையிலும் ஏந்தி வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் வைத்து, வால் பக்கமாக மெல்ல ஊதினார்.