மருதாள் பாஸ் போடவில்லை

திருப்பூர் முதலிபாளையத்துப் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. தைத்து வந்த ஒரு பீஸில் சந்தேகம் வந்தால் அதைக் கண்டுபிடித்தவளே முடிவு சொல்லக் கூடாது. பக்கத்தில் இருப்பவளிடம் தள்ளிவிட வேண்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் துணியைத் தடவிப் பார்த்து 'பாஸ்' என்றால்தான் பாஸ். மேனேஜர்களுக்கு இதெல்லாம் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது கண்டெய்னர் கிளம்புகிற தேதி ஒன்றுதான்.

2007 மார்ச்சில் அந்த டேபிளில் வேலை செய்த சேவூர் அமராவதிக்குத் தன் இடது மார்பிலேயே ஒரு சந்தேகம் வந்தது. கட்டி இல்லை, வலி இல்லை. குளிக்கும்போது ஓரிடம் கொஞ்சம் தடிப்பாகத் தட்டுப்பட்டது, அவ்வளவுதான். புருஷன் பழனிமுத்துவிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. பதினோரு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் மருதாளை பாத்ரூமுக்குக் கூட்டிப் போய், பழக்க தோஷத்தில் அந்தச் சந்தேகத்தை அவளிடம் தள்ளிவிட்டாள். மருதாளும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தாள்.

"கட்டி இல்லே அம்மிணி. ஆனா அந்தப் பக்கமாட்ட இந்தப் பக்கம் இல்லே. ஆஸ்பத்திரிக்குப் போயி காட்டிப் போடு."

அமராவதி போனாள். படம் எடுத்தார்கள். கட்டி எதுவும் தெரியவில்லை, பயப்படாதீர்கள், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று டாக்டர் அனுப்பி வைத்தார். போன உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில் அமராவதி அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி டேபிள் முழுக்கக் கொடுத்தாள். மருதாள் மட்டும் கை நீட்டவில்லை.

"நீ சாப்புடு கண்ணு. நான் இன்னும் பாஸ் போடலே."

அமராவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மெஷினை விட உங்க கை பெருசுங்களா அக்கா? நான் நல்லா இருக்கறது உங்களுக்குப் பொறுக்கலீங்களா?"

"கோயமுத்தூருக்குப் போயி இன்னொருக்கா பார்த்துப் போடு," என்றாள் மருதாள். அமராவதி அன்றே டேபிள் மாறிக்கொண்டாள். பன்னிரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாய் திட்டினாலும் கை சும்மா இருக்கிறதா? குளிக்கும்போதெல்லாம் அங்கேயே போய் நின்றது. இந்தக் கையை நம்பித்தான் ஆயிரக்கணக்கான பீஸை அவள் திருப்பி அனுப்பியிருக்கிறாள். சொந்த உடம்பில் மட்டும் அது பொய் சொல்லுமா? பதிமூன்றாம் நாள் பழனிமுத்துவிடம் சொல்லி அழுதாள். மனிதர் உடனே லீவு போட்டுவிட்டுக் கோவைக்குக் கூட்டிப் போனார்.

அங்கே ஊசி வைத்துச் சதை எடுத்தார்கள். டாக்டர் சுபஸ்ரீ சின்ன வயதுதான், ஆனால் எதிரே உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்.

"புத்துநோய்தாங்க. ஆனா சீக்கிரம் வந்துட்டீங்க, குணமாக்கலாம். உடம்புல செல்லுக ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கறதுக்கு ஈ-கேட்ஹெரின்னு ஒரு புரதம் இருக்குதுங்க. அது இருந்தா, நாங்க போடற சாயம் செல்லோட ஓரத்துல பிடிக்கும். உங்க சாம்பிள்ல பிடிக்கவே இல்லை. ஒட்டிக்க வழியில்லாததால அதுக கட்டியாத் திரளாம, ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரிசையாப் போயிருக்குது. படத்துல தெரியாததுக்கும் அதுதாங்க காரணம். நெறையப் பேருக்கு முத்துன பின்னாடிதான் தெரியும். உங்களை யாருங்க திரும்பப் பார்க்கச் சொன்னது?"

சாயம் பிடிக்காதது என்றால் என்னவென்று திருப்பூர்க்காரிக்கு விளக்க வேண்டியதில்லை. அவள் மனது முதல் டாக்டர் சொன்ன ஆறு மாதம் என்ற வார்த்தையில் போய் மாட்டிக்கொண்டது.

"கூட வேலை செய்யற அக்காங்க," என்று சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஆபரேஷன் முடிந்தது, மருந்தும் முடிந்தது. தலையில் முடி முளைக்கத் தொடங்கியதும் அமராவதி செய்த முதல் வேலை மருதாள் வீட்டுக்குப் போனதுதான். அத்தனை பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி பேசிய வெட்கம் அவளை வாசலிலேயே நிறுத்தியது.

"அன்னிக்கு அப்படிப் பேசுனது தப்புங்க அக்கா."

மருதாள் அவளை உள்ளே இழுத்து உட்கார வைத்தாள். "நீ பேசாத பன்னெண்டு நாளும் மாரியாத்தா கோயலுக்குப் போனேன் அம்மிணி. என் கை பொய்யாப் போகோணும், இவ ஆயுசோட இருந்து என்னையத் திட்டிட்டே கெடக்கோணும்னு வேண்டிக்கிட்டேன்."

இப்படி ஒரு வேண்டுதலை அமராவதி கேட்டதே இல்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வர, மருதாளின் வலது கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க வேண்டுனதுல பாதிய ஆத்தா குடுத்துட்டாளுங்க அக்கா, நான் பொழைச்சுக்கிட்டேன். திட்டறதுக்குத்தான் எனக்கு வாய் வரலே."