ஆர்க்னி பீரங்கிக்காரர்

உறை வியாழக்கிழமை காலையில் வந்தது. பவுலின் அதைக் கொண்டுவந்து என் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்து, "உங்கப்பா வந்துட்டாரு, கதவத் தெறந்து விடு" என்றாள். என் மனைவிக்கு எல்லாவற்றிலும் கேலிதான். நான் சிரிக்கவில்லை. ராணுவ ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப்போட்டுப் பத்து மாதம் ஆகியிருந்தது. அப்பாவின் சேவைத் தாள்கள் வேண்டும், மகன் என்ற முறையில் கேட்கிறேன் என்று எழுதியிருந்தேன். உறையை உடனே கிழிக்காமல் முதலில் முத்திரையைப் பார்த்தேன், பிறகு ஒட்டியிருந்த விதத்தைப் பார்த்தேன். முப்பத்தொரு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகனாக இருந்தவனுக்கு அந்தப் புத்தி போகாது. கேட்பதற்கு முன்னாலேயே டிக்கெட்டை எடுத்து நீட்டுகிறவனைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

அப்பா கேட்டும் நீட்டாதவர். அதுவும் சந்தேகம்தான். இங்கிலாந்தின் வடக்கே பர்ன்லியில் எங்கள் தெருவில் இரண்டாம் உலகப் போருக்குப் போய் வந்த ஆண்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். பியர் உள்ளே போனால் ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்வார்கள். அப்பா மட்டும் வாயைத் திறந்ததில்லை. அவருக்காகப் பேசியது அம்மாதான். ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் மணல் புகுந்த பீரங்கியைத் தண்ணீர் இல்லாமல் துடைத்த கதை, இத்தாலியில் சலேர்னோ கரையில் இறங்கிய கதை, எல்லாம் அம்மா வாயால் கேட்டவைதான். அதுவும் சும்மா சொல்ல மாட்டாள். நான் பரீட்சையில் தோற்றால், மழைக்குப் பயந்து பேப்பர் போடப் போகாவிட்டால், "ஒன் வயசுல அந்த மனுசன் மணலத் தின்னுக்கிட்டுப் பீரங்கி இழுத்தாரு" என்று ஆரம்பிப்பாள். எதிரே அப்பா தலையைக் குனிந்துகொண்டு உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருப்பார். பெருமையை உட்கார்ந்து ருசிக்கிறார் என்று நினைப்பேன். பத்தொன்பது வயதில் ஒருநாள் பொறுக்க முடியாமல் எழுந்து, "இன்னும் எத்தன வருஷத்துக்கு அந்தப் பாலைவனத்த வச்சே பொழைப்பீங்க?" என்று அவர் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டேன். அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். அதற்குப் பிறகு நாங்கள் பேசியதெல்லாம் வானிலையும் கால்பந்தும்தான்.

சாகும் முன் பதக்கங்கள் இருந்த தகர டப்பாவை அக்கா ஐரீனிடம் கொடுத்தார். நான் கதவருகில்தான் நின்றேன். மகன் நிற்கும்போது மகளிடம் கொடுத்தார். முப்பத்தாறு வருடமாக அதை நான் மறக்கவில்லை. அக்கா எதையோ சொல்லி வாங்கிவிட்டாள் என்றுதான் இன்றுவரை எண்ணம். ஒவ்வொரு நவம்பரும் போர் நினைவு ஞாயிறன்று அவள்தான் அதைக் குத்திக்கொண்டு நினைவுத்தூணுக்குப் போவாள். நான் போவதில்லை.

இந்த வருடம் நூலகத்தில் ஊர்ப் பீரங்கிக்காரர்களைப் பற்றி ஒரு கண்காட்சி. ஆளுக்கு ஒரு தாள் எழுதித் தரச் சொன்னார்கள். அக்காவிடம் சொன்னபோது, "அதெல்லாம் எதுக்குடா கிளிஃப், விடு" என்றாள். அவள் விடச் சொன்ன பிறகு என்னால் விட முடியவில்லை.

தாள்களை மேசையில் பரப்பினேன். ஹாவொர்த், ஹெர்பர்ட். கன்னர், அதாவது பீரங்கிக்காரச் சிப்பாய். ராயல் ஆர்டிலரி, கனரக விமான எதிர்ப்புப் பீரங்கி ரெஜிமெண்ட். எண் சரி, பிறந்த தேதி சரி, காதுக்குக் கீழே இருந்த தழும்புகூடச் சரி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது ஜூலையில் சேர்ந்திருக்கிறார். நாற்பத்தொன்று பிப்ரவரியில் ஆர்க்னித் தீவு. நாற்பத்திரண்டு, ஆர்க்னி. நாற்பத்து மூன்று நவம்பர்வரை ஆர்க்னி, பிறகு ஹல் துறைமுகம். நாற்பத்தாறு மார்ச்சில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெளிநாட்டுச் சேவை என்ற கட்டத்தில் 'இல்லை' என்று ஒரு குமாஸ்தாவின் சாய்ந்த கையெழுத்து. ஆப்பிரிக்கா இல்லை. இத்தாலி இல்லை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆட்டு மந்தைக்கு நடுவில், வானத்தைப் பார்த்துக்கொண்டு மூன்று வருடம் நின்றிருக்கிறார்.

கூடவே ஒரு கடிதம். இவருக்கு உரிய பதக்கங்கள் இரண்டு, இரண்டும் உள்நாட்டிலேயே இருந்தவர்களுக்கும் கிடைப்பவை, இரண்டையும் இவர் விண்ணப்பித்துப் பெறவில்லை.

அக்காவின் டப்பாவில் இருந்தவை நான்கு. அதில் ஒன்று மணல் நிற நாடா கட்டிய ஆப்பிரிக்க நட்சத்திரம்.

"யாருது அப்ப அது?" என்றாள் பவுலின்.

முதல் போரின் பதக்கங்களில் ஓரத்தில் பெயரும் எண்ணும் வெட்டியிருக்கும். இரண்டாம் போருக்கு அரசாங்கம் அந்தச் செலவே செய்யவில்லை, வெறுமனே தபாலில் அனுப்பிவிட்டது. பெயர் போடாத டிக்கெட் மாதிரிதான், யார் கையில் இருக்கிறதோ அவன் பயணி. அடகுக் கடையில் பத்து ஷில்லிங்குக்குக் கிடைத்திருக்கும். எனக்கு உடம்பெல்லாம் சூடாகியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அது சந்தோஷம். என் எழுபத்து நான்காவது வயதில் அப்பாவை டிக்கெட் இல்லாமல் பிடித்துவிட்ட சந்தோஷம்.

"சாப்பிட்டுட்டுப் போ" என்று பவுலின் கத்தியது காதில் விழுந்தது. நான் அதற்குள் பஸ் நிறுத்தத்தில் இருந்தேன்.

அக்கா பக்கத்து ஊரான பேடிஹத்தில் தனியாக இருக்கிறாள். எண்பத்தொரு வயது. செப்டம்பரில் இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை, இன்னும் நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். அந்த நிலையிலும் நவம்பர் என்றால் இஞ்சிக் கேக் செய்யாமல் இருக்க மாட்டாள். என் முகத்தைப் பார்த்ததும், "கேக் வேணுமா, சண்ட வேணுமா?" என்றாள்.

தாள்களை அவள் மடியில் வைத்தேன். "அக்கா, அப்பா ஆப்பிரிக்காவுக்கே போகல. இத்தாலிக்கும் போகல. ஆர்க்னில நின்னு காத்து வாங்கியிருக்காரு."

அவள் கண்ணாடியைத் தேடவில்லை. தாளைப் பார்க்கவும் இல்லை. "தெரியும்" என்றாள்.

"தெரியுமா? அப்ப ஒவ்வொரு வருஷமும் ஊரே பாக்க அத மாட்டிக்கிட்டுப் போனியே, வெக்கமா இல்ல?"

"கத்தாத. பக்கத்து வீட்டம்மாவுக்குக் காது நல்லாக் கேக்கும்." அலமாரியைக் காட்டினாள். "மேல்தட்டுல நீல ஆல்பம் இருக்கு. எடு."

உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த படம் அது, ஐம்பத்தெட்டாம் வருடம். நினைவுத்தூணுக்கு முன்னால் வரிசையாக ஆண்கள். நடுவில் அப்பா, விறைப்பாக, தொப்பி கையில். பதக்கங்களோடு அவரைப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. வீட்டில் ஒருநாளும் அவர் அவற்றைக் குத்தியதில்லை. டப்பாவைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போவார், அங்கே போய்க் குத்துவார், அங்கேயே கழற்றிவிட்டு வருவார். அதையும் நான் திருட்டுத்தனக் கணக்கில்தான் சேர்த்து வைத்திருந்தேன்.

"நல்லாப் பாரு. முப்பது வருஷம் டிக்கெட் பாத்தவன்தான நீ" என்றாள் அக்கா.

பார்த்தேன். நான்கும் வலது மார்பில் இருந்தன.

எங்கள் ஊரில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சொந்தப் பதக்கம் என்றால் இடது மார்பு. செத்துப்போனவருடையதை அவர் வீட்டார் போட்டுக்கொண்டால் வலது. அக்கா வலதுபக்கம் குத்துவதை நானே பார்த்திருக்கிறேன். மகள் என்றால் அதுதான் முறை. அப்பாவுக்கு என்ன வலது?

"படத்தத் திருப்பி அச்சடிச்சுட்டானுங்க" என்றேன். பத்திரிகைக்காரர்கள் அப்படிச் செய்வதுண்டு. உடனே கோட்டுப் பொத்தான்களைப் பார்த்தேன். ஆண்கள் கோட்டில் பொத்தான் வலப்பக்கம் இருக்கும். படத்தில் அப்பாவின் வலப்பக்கம்தான் இருந்தது. பக்கத்தில் நின்றவருக்கு இடது மார்பில்தான் பதக்கங்கள். படம் நேராகத்தான் இருந்தது.

"யாரோடது?"

"நார்மன் கிராஷாவோடது" என்றாள் அக்கா. "என்னப் பெத்தவரு."

பிறகு அவள் சொன்னதையெல்லாம் நான் நின்றுகொண்டே கேட்டேன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நார்மன் கிராஷா அக்ரிங்டன்காரர், அம்மாவின் முதல் கணவர், களப் பீரங்கி ரெஜிமெண்டில் கன்னர். அக்காவுக்கு ஆறு மாதம் இருக்கும்போது கப்பல் ஏறினார். அவளுக்கு ஒன்றரை வயதானபோது சலேர்னோவில் குண்டு விழுந்து செத்தார். போர் முடிந்தபின் பதக்கங்கள் ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் அம்மாவுக்குத் தபாலில் வந்தன. அதற்குள் அம்மா அப்பாவைக் கட்டிக்கொண்டு, தெரிந்தவர் யாரும் இல்லாத பர்ன்லிக்கு வந்திருந்தாள். தன் கல்யாணப் பதிவுக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுத்தபோதுதான் அக்காவுக்கே விஷயம் தெரிந்தது. அம்மா அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

"அப்பாதான் மொதல்ல சொன்னாராம். புள்ளையோட அப்பனுக்காக ஒருத்தனாவது போய் நிக்கணும், பொண்ணு வளர்ற வரைக்கும் நான் நிக்கறேன்னு. பாத்தவங்க செத்துப்போன அண்ணனோ தம்பியோன்னு நெனச்சிருப்பாங்க. நம்மூர்ல யாருடா வாயத் தெறந்து கேக்கறா?"

"அம்மா செத்து இருபது வருஷமாச்சு. எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் கேக்கை வெட்டப் போனாள், வெட்டவில்லை. "சொன்னா நீ என்னப் பாதி அக்காவாப் பாப்ப. ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகம். எங்கிட்டயும் ஆரம்பிச்சிருப்ப."

அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த நிமிடம்கூட அவள் மூக்கையும் நெற்றியையும் பார்த்து, இதில் எது அந்தக் கிராஷாவுடையது என்று தேடிக்கொண்டுதான் இருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில்தான் அந்தச் சாப்பாட்டு மேசை ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் இருவரையும் ஒரே அப்பாவின் பிள்ளைகளாக வளர்க்கத்தான் அம்மா பொய் சொன்னாள் என்று அக்கா சொல்கிறாள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அதற்கென்றால் ஒரு வரி போதும். பாலைவனத்து மணலும் சலேர்னோ கரையும் எதற்கு? வருடக்கணக்காகத் தினமும் எதற்கு? அவளுக்கு அந்த முதல் மனிதனைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது, பேச வேறு இடம் இல்லை. எதிரே உட்கார்ந்து தன் பெயரில் இன்னொருவன் புகழைக் கேட்டுக்கொண்டு ஒரு மனிதர் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்தார். ஒருநாளாவது "போதும் நிறுத்து" என்று சொன்னதில்லை. அந்தப் பாலைவனத்தை வைத்துப் பிழைக்கிறீர்கள் என்று நான் கேட்டபோதும், நான் அங்கே போகவே இல்லையடா என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அப்படியானால் பதக்கம் யாருடையது என்று தோண்டி, அக்கா யார் மகள் என்பதில் போய் நின்றிருப்பேன். அவருக்கு அது தெரியும். பஸ்ஸில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண் காகிதக் கைக்குட்டையை நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை நூலகத்துக்குப் போய் இன்னொரு தாள் கேட்டேன். "ஒரு ஆளுக்கு ஒரு தாள்தான் சார்" என்றாள் அங்கிருந்த பெண். "ரெண்டு ஆளு" என்றேன். கொடுத்தாள். ஒன்றில் ஆர்க்னி என்று எழுதினேன். மற்றதை இன்னும் எழுதவில்லை, அதை எழுத வேண்டியவள் அக்கா. மாலையில் அவளே போன் செய்தாள். டாக்டர் நினைவுத்தூணில் அவ்வளவு நேரம் நிற்கக் கூடாது என்கிறார், நாளைக்கு டப்பாவை வந்து வாங்கிக்கொண்டு போ என்றாள். நான் எழுதப் போவதைத் தடுக்க லஞ்சமோ என்று ஒரு கணம் தோன்றியது. அதைச் சொல்லியும்விட்டேன்.

"நீ எழுதற தாள எங்க வேணா ஒட்டிக்கோடா. நாளைக்கு என்னப் பெத்தவருக்காகப் போய் நிக்க ஆள் இல்ல. அவ்வளவுதான்" என்று வைத்துவிட்டாள்.

ஞாயிறு காலை, நினைவுத்தூணுக்குப் பின்னால் இருந்த பஸ் நிழற்குடையில் நின்று டப்பாவைத் திறந்தேன். முப்பத்தாறு வருடம் ஆசைப்பட்ட பொருள். இப்போது பார்த்தால் எனக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நார்மன் கிராஷா எனக்கு யார்? அப்பாவுக்கு மட்டும் யார்? விரல்கள் மரத்துப்போயிருந்ததால் ஊசி கோட்டுத் துணியில் இறங்கவே இல்லை. மூன்றாவது முறையில் இறங்கியது.

பக்கத்தில் நின்றவனுக்கு நாற்பது வயதிருக்கும், இடது மார்பில் சொந்தப் பதக்கங்கள், ஈராக்கோ ஆப்கானிஸ்தானோ. என் வலது மார்பைப் பார்த்துத் தலையாட்டினான். "அப்பாவோடதா சார்?"

இதுவரை என் வாழ்க்கையில் எவன் எதைக் கேட்டாலும் ஏன் கேட்கிறான் என்றுதான் முதலில் யோசித்திருக்கிறேன்.

"எங்கப்பா போட்டுக்கிட்டது" என்றேன்.

அவனுக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் கொஞ்சம் நகர்ந்து முன்வரிசையில் எனக்கு இடம் விட்டான். கொம்பு ஊதி நின்றது. இரண்டு நிமிட மௌனம் தொடங்கியது. நார்மன் கிராஷாவை நினைத்துப் பார்க்க முயன்றேன், முகம் தெரியாததால் முடியவில்லை. மேட்டிலிருந்து காற்று இறங்கி வந்தது. நான்கு பதக்கங்களும் ஒன்றோடொன்று மோதி, அவ்வளவு பேர் மூச்சடக்கி நின்ற இடத்தில், கிணுங்கிக்கொண்டே இருந்தன. யாரோ திரும்பிப் பார்த்தார்கள். நான் உள்ளங்கையால் அவற்றை மார்போடு சேர்த்து அழுத்திக்கொண்டேன். உலோகம் பனிக்கட்டியாகச் சில்லிட்டது. கையை எடுக்காமல் நின்றேன், கொம்பு மறுபடி ஊதிய பிறகும்.