ஆடியில் வந்த கிரைண்டர்

காளவாசல் மெஸ்ஸில் வருஷக்கணக்காக மாவாட்டியவள் தங்கப்பொண்ணு. மெஸ் முதலாளி சிவபாண்டியோ, இட்லியைப் பாராட்டுகிறவர்களிடமெல்லாம் அது தன் கைப்பக்குவம் என்று பீற்றிக்கொள்வார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள் ஒருநாள், "அண்ணே, நாளைலருந்து நான் வரல. சொந்தமா மாவுக்கடை போடப்போறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். மறுநாளே அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. இனித் திரும்பிப் போனாலும் உள்ளே விடமாட்டார்கள்.

திருநகரில் ரூத் டீச்சர் வீட்டின் முன்னறை கடைக்குக் கிடைத்தது. போர்டும் எழுதியாயிற்று. கிரைண்டர்தான் பாக்கி. அவள் புருஷன் அழகுமலை லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். எத்தனை சாமானை ஏற்றி இறக்கியிருப்பான்! "டவுனுக்குப் போயி கண்ணால பாத்து வாங்குவோம்" என்று அவன் சொன்னதுதான் சரி. ஆனால் போனில் ஆடித் தள்ளுபடி கண்ணைப் பறித்தது. "எம்புட்டு கொறச்சுத் தாராய்ங்க பாருங்க!" என்று அவளே ஆர்டர் போட்டாள்.

ஆடி பாதியில் பெரிய பெட்டி வந்து இறங்கியது. பிரிக்க விட்டாளா? ஆடியில் புதுசாக எதையும் தொடங்கக்கூடாதாம். ஆடியில் விற்பதில் கம்பெனிக்காரனுக்குத் தோஷமில்லை, வாங்குவதில் இவளுக்குத் தோஷமில்லை, பிரிப்பதில் மட்டும் தோஷம்.

"லேசாப் பிரிச்சு, நல்லாருக்கான்னு மட்டும் பாத்துக்கிருவமே" என்றான் அழகுமலை.

"கைய வைக்காதீங்க. ஆவணி பெறக்கட்டும்."

ஆவணியும் பிறந்தது. கடை வாசலில் தேங்காய், சூடம், பூ. பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். ரூத் டீச்சர் கிறிஸ்தவர். ஒரு கிரைண்டருக்கு இவ்வளவு தடபுடலா என்று அவருக்கு ஒரே வேடிக்கை. பெங்களூரில் இருக்கும் தங்கை ஆஷ்லினுக்குக் காட்ட போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அழகுமலை டேப்பை அறுத்து இயந்திரத்தை வெளியே எடுத்து வைத்தான். தங்கப்பொண்ணு சந்தனம் குழைத்து, உள்ளே கல்லின் மேல் மூன்று பொட்டு வைத்து, மேலே குங்குமமும் வைத்தாள். மூன்றாவது பொட்டில் விரல் எதிலோ தட்டியது. தடவிப் பார்த்தாள். அடிக்கல்லில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கீறல்.

கீறல் விழுந்த கல்லில் ஆட்டினால் மாவில் கல்துகள் விழும். முதல் நாளே இட்லியில் கல் கடித்தால் அந்தக் கடைக்கு இரண்டாம் நாள் யார் வருவார்கள்?

போனில் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினாள். திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. விடாமல் கூப்பிட்டதில் ஒருவன் பேசினான்.

"மேடம், பொருள யூஸ் பண்ணியிருக்கீங்க. கல்லுல கறை தெரியுதே."

"அது கறை இல்ல சார், குங்குமம்!"

"எதுவா இருந்தாலும் கறை கறைதான் மேடம்" என்று வைத்துவிட்டான்.

அழகுமலை திட்டாமல் கிரைண்டரைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து மூடினான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அன்னிக்கே பிரிச்சிருக்கலாம்ல என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பாள். விடமாட்டார்கள் என்று தெரிந்தும், சிவபாண்டி முன்னால் போய் எந்த முகத்தோடு மறுபடி வேலை கேட்பது என்று யோசிக்க ஆரம்பித்திருந்தாள்.

மறுநாள் கடைத் திண்டில் அவள் இடிந்துபோய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ரூத் டீச்சருக்குக் கோபமே வந்துவிட்டது.

"எதுக்கு இப்படி உக்காந்துருக்க? கெடு அவங்க வச்சது. உடைஞ்ச பொருள அனுப்பிட்டு, திருப்பி எடுக்க மாட்டோம்னு சொல்லச் சட்டத்துல இடமில்ல. எங்க ஸ்கூல் நுகர்வோர் மன்றத்துல இதெல்லாம் நான்தான் பிள்ளைகளுக்கு நடத்துறேன். நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடு."

"நீங்க பேசுங்க டீச்சர்."

"வாங்குனது நீ. நீதான் பேசணும்."

நம்பரை அழுத்தினாள். எதிர்முனையில் ஒரு பெண் நல்ல தமிழில் விசாரித்தாள். வந்த பெட்டியை ஏன் இத்தனை நாள் பிரிக்கவில்லை என்ற கேள்வி வந்ததும் தங்கப்பொண்ணுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சிரிக்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டே, "ஆடி மாசம்மா..." என்று இழுத்தாள்.

"எங்க வீட்டுலயும் விட மாட்டாங்க" என்றாள் அந்தப் பெண். "சரி, அதுல அரிசி போட்டு ஆட்டுனீங்களா?"

"சத்தியமா இல்லம்மா. பொட்டு மட்டுந்தான் வச்சேன்."

"பிரிச்சப்ப யாராச்சும் பாத்தாங்களா?"

"தெருவே பாத்துச்சு! டீச்சர் வீடியோவே எடுத்தாக!"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. டீச்சர் போனைத் திறந்தார். ஒட்டிய டேப் கலையாத பெட்டி, அறுபடும் டேப், சந்தனக் கை, தட்டி நிற்கும் விரல், கோணிப்போகும் முகம், எல்லாம் வரிசையாக இருந்தது. தன் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாக இருந்தது. புகாரோடு வீடியோவும் போயிற்று.

அதற்குப் பிறகு காத்திருப்பதுதான் பெரும்பாடு. போன் அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் எடுத்தாள். ஒருநாள் கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரியே கூப்பிட்டார். வருத்தம் தெரிவித்தார். வேறு கிரைண்டர் வரும், பழையதை அவர்களே எடுத்துக்கொள்வார்கள், தனியாக ஒரு செலவும் இல்லை என்றார். அவள் போனை வைத்துவிட்டு, அம்மாடி என்று அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

புதுப்பெட்டி வந்து சேர்ந்தது செவ்வாய்க்கிழமை, அதுவும் சரியான ராகுகாலத்தில். அழகுமலை அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கத்தியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், போனை எடுத்துட்டு வாங்க!" என்று கூவிக்கொண்டே, கொண்டுவந்த ஆளையும் நிறுத்தி வைத்து வாசலிலேயே பெட்டியைப் பிரித்தாள். சந்தனம் இல்லை, சூடம் இல்லை. தலையை உள்ளே விட்டு அடிக்கல்லைச் சுற்றிச் சுற்றித் தடவினாள். குழவியை உருட்டி உருட்டிப் பார்த்தாள். பிறகு கிரைண்டரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

டெலிவரிக்காரர் பதறிப்போனார். "என்னாக்கா, இதுலயும் கீறலா?"

"ஒண்ணுமில்லண்ணே, ஒரு கீறலும் இல்ல" என்று மூக்கை உறிஞ்சினாள். "நல்லாருக்கு. நல்லாருக்கு."

அழகுமலை அரிசி மூட்டையின் வாயை அவிழ்த்துக்கொண்டிருந்தான். படியை உள்ளே விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"எம்புட்டு ஊறப்போடட்டும், மொதலாளியம்மா?"