பதினெட்டு கிலோ

வீல் என்று ஒரு கத்தல். மருந்தகக் கவுன்டரில் இருந்த பேனா உருண்டு விழுந்தது. அம்மாவின் தோளில் கைக்குழந்தை. பக்கத்தில் ஐந்து வயது அக்காக்காரி.

"சீக்கிரம் குடும்மா. வலிப்பு மருந்து."

சீட்டை வாங்கினாள் பயிற்சி மாணவி 'மன்னிப்பு'. அது கூடப் படிப்பவர்கள் வைத்த பட்டப்பெயர். பயிற்சிக்கு வந்த மூன்று மாதமாக எந்த டாக்டருக்குப் போன் போட்டாலும், "மன்னிக்கணும் டாக்டர், தொந்தரவுக்கு" என்றுதான் ஆரம்பிப்பாள். அவள் விஷயத்துக்கு வருவதற்குள் பாதிப் பேர் வைத்துவிடுவார்கள்.

சீட்டில் எடை பதினெட்டு கிலோ; அதற்கேற்ற அளவில் மருந்து. பாட்டிலை எடுத்தவள் குழந்தையைப் பார்த்தாள். ஒரு கையில் அடங்கும் உருவம். இதுவா பதினெட்டு?

"குழந்தைய எடை பார்க்கணும்கா."

"இப்பதானே டாக்டர் ரூம்ல பார்த்தாங்க?"

"இன்னொரு தடவை."

மூலையில் இருந்த எடை மெஷினில் அம்மாவைக் குழந்தையோடு ஏற்றினாள். அறுபத்தொன்று. குழந்தையைத் தான் வாங்கிக்கொண்டு அம்மாவை மட்டும் ஏற்றினாள். ஐம்பத்துமூன்று. ஆக, எட்டே கிலோ.

தானும் ஏறுவேன் என்று அக்காக்காரி குதித்து ஏறினாள். முள் பதினெட்டில் நின்றது.

"அங்கயும் ஏறினாளாக்கா?"

"ஆமா, இவளுக்குச் சளின்னு சேர்த்துக் காட்டினோம்."

மன்னிப்புக்குப் புரிந்துவிட்டது. அக்காவின் எடை தம்பி சீட்டில். இரண்டு மடங்குக்கும் மேல் மருந்து. மருந்தகப் பொறுப்பாளர் மேடம் கீழ்த்தளத்தில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார்; போனை எடுக்கவில்லை.

"மேடம் வரட்டும்," என்றான் கூடப் பயிற்சியில் இருந்த நெட்டை. "போன வாரம் உன்னை அழ வெச்ச டாக்டர்கிட்டயா பேசப்போற?"

"அவர் வீட்டுக்குக் கிளம்புற நேரம்டா."

எண்ணை அழுத்தினாள்.

"பார்மசி, டாக்டர். வலிப்புக் குழந்தைக்கு எடை எட்டு கிலோ. சீட்டுல பதினெட்டு இருக்கு."

"யாரு, டிரெய்னியா? மேடத்தைக் கூப்பிடு."

"மேடம் கீழ இருக்காங்க. நானே எடை போட்டேன் டாக்டர். பதினெட்டு, அக்காவோட எடை. நீங்க மாத்தி எழுதாம இந்த மருந்தைக் குடுக்க மாட்டேன்."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். பிறகு டாக்டர் ஏதோ சொல்ல, "சரிங்க டாக்டர்," என்று போனை வைத்தாள்.

ஐந்தாவது நிமிடம் புதுச் சீட்டு வந்தது. மேலே வந்த மேடம் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்தார். கையெழுத்துப் போட்டு, 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டுப் பேனாவை அவளிடம் நீட்டினார். அவள் நிதானமாகத் தன் பெயரை எழுதினாள்.

அம்மா மருந்தோடு போனதும் நெட்டை மெதுவாக நெருங்கி வந்தான்.

"என்ன சொன்னாரு? கத்தினாரா?"

"மன்னிப்பு கேட்டாருடா."